ஆளுக்கொரு குடம்

பரவாயில்லம்மா, குடம் என் மடியிலயே இருக்கட்டும். மேல வச்சா உருண்டு வந்து யாரு மண்டையிலயாவது விழும், அப்பறம் அதுக்கும் என் மேல ஒரு மனு எழுதிப் போட்டுருவாங்க. நீங்க நல்லா தள்ளி உக்காருங்க. தம்பிய ஜன்னல் பக்கம் விடுங்க. ஸ்கூல் வேன விட்டுட்டானா? டையப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, அந்த மெட்ரிக் ஸ்கூல்தான? நானும் அங்கதான் போறேன். இன்னிக்கு சி.எல். போட்டுட்டுக் கெளம்பிட்டேன். டவுன் போய்ச் சேர முக்கா மணி நேரமாவும், பேசிக்கிட்டே போவோம்.

ஒண்ணு கேக்கறேன், நீங்களே நியாயம் சொல்லுங்க. என் பேரு மங்கையர்க்கரசி. இலுப்பைச்சேத்தி ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில டீச்சர். பதினாலு வருஷமா அதே பள்ளிக்கூடம். முப்பத்தோரு புள்ளைங்க, ஹெச்.எம். ஞானசேகரன் சாரு, நானு, அவ்ளோதான் பள்ளிக்கூடம். அங்க படிக்கற ஒரு புள்ளையோட அம்மா, மாரிக்கண்ணுன்னு பேரு, நாத்து நடப் போறவ. ஊரே கூடியிருக்கற மீட்டிங்ல எந்திரிச்சு நின்னு என்னையக் கேக்கறா. "ஊரான் வூட்டுப் புள்ளைய எல்லாம் தண்ணில எறக்குறீங்களே டீச்சர், ஒங்க புள்ளைய எறக்குவீங்களா?"

இது ஒரு கேள்வியா? நீங்களே சொல்லுங்க.

டாக்டரப் பாத்து, ஒங்க புள்ளைக்கும் ஊசி போடுவீங்களான்னு கேப்போமா? கேக்க மாட்டோம். டீச்சர்னா மட்டும் கேக்கலாம். சரி, எதுக்குத் தண்ணில எறக்கினேன்னு நீங்க கேக்கணுமே, கேக்க மாட்டேங்கறீங்களே. நானே சொல்றேன்.

எங்க ஊரு ஆறு கோடையில காஞ்சு கெடக்கும். மணல்ல புள்ளைங்க கிரிக்கெட் ஆடும், ஆடு மேயும். எங்க மேடு எங்க பள்ளம்னு எங்க புள்ளைங்க பாதத்துக்கே தெரியும். ரெண்டு வருஷத்துக்கு முந்தி, கரைய ஒசத்தறோம்னு பொக்லைன் வண்டி வந்துச்சு. படித்துறைக்கு நேரா கீழயே ஒரு வாரம் மண்ண அள்ளி, ரெண்டு ஆள் ஆழத்துக்குக் குழியப் பறிச்சுப் போட்டுட்டுப் போயிட்டாங்க. யாருக்கும் தெரியாம நடந்ததுன்னு நெனைக்காதீங்க. ஊரே பாத்துச்சு. நானும் பாத்தேன். புள்ளைங்க அந்தக் குழிக்குள்ளயே எறங்கி ஓடிப்புடிச்சு வெளாடுச்சுங்க. ஜூன் கடைசில ஆத்துல தண்ணி வந்துச்சு. தண்ணி வந்துட்டா எல்லாம் ஒரே மட்டந்தான? குழி எங்க தெரியுது? "அந்தப் படித்துறையா, அங்க புள்ளைங்களுக்கு இடுப்பளவுதான்"னு எல்லார் வாயிலயும் போன வருஷத்து ஆறுதான் வந்துச்சு. கோடையில கண்ணால பாத்த குழிய ஒருத்தருக்கும் நெனப்பு வரல.

இளமாறன்னு ஒரு பையன். நாலாம் வகுப்பு. வாயாடி. ஏழாம் வாய்ப்பாட்டத் தலைகீழாச் சொல்லுவான், ஆனா வீட்டுப் பாடம் மட்டும் எழுதிட்டு வர மாட்டான். அன்னிக்குக் காலைல வரல. பத்து மணிக்கு ஆப்சென்ட் போட்டேன். போட்டுட்டு மத்த புள்ளைங்க கிட்ட சொல்றேன், "வரட்டும் அவன், இன்னிக்கு முட்டி போட வைக்கறேன்"னு. பதினோரு மணிக்குத்தான் சேதி வந்துச்சு. பள்ளிக்கூடத்துக்கு வர்ற வழியில குளிக்க எறங்கியிருக்கான். பைய மேல் படியில ஒழுங்கா வச்சிட்டு எறங்கியிருக்கான். நான் அவனத் திட்டிக்கிட்டு இருந்த நேரத்துல அவன் அந்தக் குழிக்குள்ள கெடந்திருக்கான்மா. அதுலேருந்து யாரு வரலன்னாலும் நான் திட்டறது இல்ல. வீட்டுக்கு ஆள் அனுப்பிருவேன்.

அதுக்கப்பறம் பெரிய பெரிய ஆளுங்கல்லாம் வந்தாங்க, பாத்தாங்க, ஒரு போர்டு வச்சாங்க. "இங்கு ஆழம் அதிகம், குளிக்காதீர்கள்." செவப்பு எழுத்து. எங்க புள்ளைங்க அத நல்லா எழுத்துக்கூட்டி வாசிக்கும், நாந்தான வாசிக்கச் சொல்லிக் குடுத்தேன். வாசிச்சிட்டுக் குதிச்சிருவாங்க! ஆத்தங்கரையில பொறந்த புள்ளைய போர்டு தடுக்குமா? ஹெச்.எம். சாரு என்ன பண்ணாரு? ஆத்துப் பக்கம் போனா டி.சி.ன்னாரு. அவரச் சொல்லி குத்தமில்ல, ரிட்டயர் ஆவ ரெண்டு வருஷம் இருக்கு. அவருக்கு எல்லாமே வம்புதான்.

நான் யோசிச்சேன். தண்ணியத் தூக்கி வேற எடத்துல வைக்க முடியாது. புள்ளைங்களயும் முடியாது. அப்ப நீச்சலக் கத்துக் குடுக்கறத விட்டா வேற என்ன வழி? எனக்குத் தெரியும். ரெண்டு நெத்துத் தேங்காயச் சேத்துக் கட்டி எங்கப்பா என்னய ஆத்துல தூக்கிப் போட்டாரு, ஆறு வயசுல. பன்னண்டு வயசுல பெரிய மனுசி ஆனதும், போதும் ஏறுன்னுட்டாங்க. அப்பறம் முப்பத்தொம்பது வயசுலதான் மறுபடி எறங்கினேன். சுடிதார் போட்டு, துப்பட்டாவ இடுப்புல இறுக்கிக் கட்டிக்கிட்டு. மறக்குங்கறீங்களா? மறக்கலம்மா! கையும் காலும் அதுபாட்டுக்குப் போவுது. வரப்புல நின்னு நாலு பேரு சிரிச்சாங்க. சிரிக்கட்டும்னு விட்டுட்டேன்.

மொதல்ல பம்புசெட்டுத் தொட்டி. தட்சிணாமூர்த்தி அண்ணன் வயல்ல, புள்ளைங்களுக்கு நெஞ்சளவு. நாலு மணி பெல் அடிச்ச பெறகுதான். பள்ளி நேரத்துல எறக்கினேன்னு யாரும் சொல்லக் கூடாது பாருங்க. இப்ப நெத்துத் தேங்கா தேடி எங்க போறது? பிளாஸ்டிக் குடம் இல்லாத வீடு உண்டா? ஆளுக்கொரு குடம் கொண்டாங்கன்னேன். வெறுங்குடத்தக் கவுத்து நெஞ்சோட கட்டிப் புடிச்சா யானையா இருந்தாலும் மெதக்கும். குடம் மாறிப் போச்சுன்னு சண்டை வரக் கூடாதுன்னு ஒவ்வொண்ணுலயும் பெயிண்ட்ல பேரு எழுதினேன். மூச்ச அடக்கு, மூஞ்சியத் தண்ணிக்குள்ள வச்சு ஊது, மல்லாந்து கெட. நான் மொதல்ல சொல்லிக் குடுத்ததே மல்லாந்து கெடக்கறதுதான். நீந்தத் தெரியாட்டியும் மல்லாந்து கெடக்கத் தெரிஞ்சா ஆள் வந்து தூக்கற வரைக்கும் உசுரு நிக்கும்.

அதவிட முக்கியமா ஒண்ணு இருக்கு. ஒருத்தன் விழுந்தா பக்கத்துல இருக்கறவன் கையக் குடுப்பான், அவனும் சேந்து போவான். அதனால வாய்ப்பாடு மாதிரி ஒரு பாட்டுக் கட்டினேன்.

"குதிக்காத, கை குடுக்காத!
குடம் குடு, துணி குடு!
கூப்பாடு போடு!"

தெனம் காலைல பிரேயர் முடிஞ்சதும் மூணு தடவ. முப்பத்தோரு புள்ளையும் கத்துனா கூரையே அதிரும். வெறும் பாட்டு மட்டும் இல்ல, செஞ்சும் பாக்கணும். ஒருத்தர் படியில குப்புறப் படுத்து தாவணியோ துண்டோ வீசணும், மத்தவங்க அவங்க கால் மேல ஏறி உக்காந்துக்கணும். அப்பத்தான் இழுக்கறவங்க தண்ணிக்குள்ள போவ மாட்டாங்க. எங்கிட்ட இருக்கற பொடிசு, ஒண்ணாம் வகுப்பு, அதுக்குக் கூடத் தெரியும்.

தம்பிக்கு நீச்சல் தெரியுமா? இல்ல இல்ல, சும்மாத்தான் கேட்டேன். தெரியாதுன்னா பரவாயில்ல. நீங்க ஏன் மொகம் சுருங்கறீங்க.

அப்பறம் பாருங்க, பிரச்சன எங்கேருந்து வந்துச்சுங்கறீங்க? குடத்துலேருந்து! எங்க ஊருல குழாத்தண்ணி சாயங்காலம் நாலரைக்கு விடுவாங்க, அரை மணி நேரம் வரும். குடமோ நாலு மணிக்கு என்கிட்ட நீந்திக்கிட்டு இருக்கு. மொத நாளு ஒருத்தி வந்து கத்தினா, மறுநாளு நாலு பேரு. குடத்துல கீறல் விழுந்துச்சு, அடியில சேறு, எம்புள்ள பேர எதுக்குக் குடத்துல எழுதினீங்க, இது என்ன சீர்வரிசைக் குடமா பேரு பொறிக்கன்னு. நான் சொன்னேன், ஒரு குடம் தண்ணி கொறஞ்சா ஒண்ணும் ஆவாது, ஒரு புள்ள கொறஞ்சா என்ன ஆவும்னு நமக்குத் தெரியும்லன்னு. வாய மூடிக்கிட்டாங்க. மூடிக்கிட்டாங்கன்னு நெனச்சேன்.

அந்த மாசம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். அங்கதான் மாரிக்கண்ணு எந்திரிச்சா. அவ மக பவதாரணி, மூணாம் வகுப்பு. ஒல்லிப்பிச்சான், ஆனா தண்ணில விட்டா கெண்ட மீனு மாதிரி. இதுல இன்னொண்ணு தெரியணும் ஒங்களுக்கு. செத்துப்போன இளமாறன் மாரிக்கண்ணுக்கு அக்கா மவன். அக்கா புள்ளைய ஆத்துக்குப் பறிகுடுத்தவ என் பக்கம்ல நிக்கணும்? அவதான் மொத ஆளா எதுத்து நிக்கறா. அப்பத்தான் அந்தக் கேள்வி. "ஒங்க புள்ளைய எறக்குவீங்களா?"

கூட்டமே என் மூஞ்சியப் பாக்குது. ஹெச்.எம். சாரு மேசையில எதையோ தேடறாரு.

எனக்கு ஒரு பையன், கிருத்திக். எட்டு வயசு, மூணாம் வகுப்பு. ஆமாம்மா, அந்த மெட்ரிக் ஸ்கூல்தான். இங்கிலீஷ் மீடியம். தப்பா? எங்க வட்டாரத்துல எந்த டீச்சர் புள்ள நம்ம பள்ளிக்கூடத்துல படிக்குது, ஒண்ணு காட்டுங்க பாப்போம். என் புள்ள கதை வேறம்மா. அவனுக்கு வீசிங் இருக்கு. ஆமா, ரெண்டு வருஷமா வரல, ஆனா வரலாம்ல? சாயங்காலம் வேன்ல வந்து எறங்கவே அஞ்சாயிரும், உடனே அபாகஸ். சனிக்கிழமை ஹிந்தி. ஞாயித்துக்கிழமை ஒருநாள் தூங்க வேணாமா? எங்க வீடு ஆத்துக்கு ரெண்டு தெரு தள்ளித்தான், இருந்தாலும் அவன் ஆத்துப் பக்கமே போவ மாட்டான். மாடியிலேருந்து பாப்பான், அவ்ளோதான். போவாத புள்ளைக்கு எதுக்கு நீச்சல்? மாரிக்கண்ணு மகளாட்டம் என் புள்ள ஆத்தங்கரையிலயா வெளாடுது?

இதெல்லாம் கூட்டத்துல சொல்லல. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். "ஊரான் புள்ளைய ஊட்டி வளத்தா தன் புள்ள தானே வளரும், ஒக்காரு மாரிக்கண்ணு." எல்லாரும் சிரிச்சாங்க. கை கூடத் தட்டுனாங்க ரெண்டு பேரு. அவ மட்டும் சிரிக்காம, "அதுசரி டீச்சர்"னு சொல்லிட்டு உக்காந்துட்டா.

அடுத்த வாரம் மனு போயிருச்சு. பதினெட்டுக் கையெழுத்து. மாணவர்கள ஆபத்தான நீர்நிலைக்கு அழைச்சிட்டுப் போறாங்க, வீட்டுச் சாமான எடுத்துட்டு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தறாங்க, ஆசிரியைக்கு ஏத்த ஒடையில இல்ல. மொத கையெழுத்து மாரிக்கண்ணுது. நான்தான் அவளுக்குக் கையெழுத்துப் போடவே கத்துக் குடுத்தேன், முதியோர் கல்வியில! எங்க வட்டாரக் கல்வி அதிகாரி, பி.இ.ஓ., மெமோ குடுத்துட்டாரு. மறு உத்தரவு வர்ற வரைக்கும் புள்ளைங்கள தண்ணிப் பக்கம் கூட்டிட்டுப் போவக் கூடாது, மீறினா ஒழுங்கு நடவடிக்கை. நாலு பக்கம் விளக்கம் எழுதினேன். ஹெச்.எம். சாரு படிச்சிட்டு, "ஏம்மா, கடைசில 'இனி இவ்வாறு நடவாது'ன்னு ஒரு வரி சேத்துருங்களேன், முடிஞ்சுரும்"ன்னாரு. "சார், அந்த வரிய எழுதினா அடுத்த இளமாறனுக்கும் நான்தான் ஆப்சென்ட் போடணும். மாட்டேன்"னேன். அவரு கண்ணாடியத் தொடைக்க ஆரம்பிச்சிட்டாரு.

ஆனா நான் சட்டத்த மீறலம்மா. தண்ணில எறக்கக் கூடாதுன்னுதான போட்டுருக்கு? பெஞ்சுல எறக்கக் கூடாதுன்னு போடலியே! மறுநாள்லேருந்து நீளப் பெஞ்சுல குப்புறப் படுக்க வச்சு கால் அடிக்கச் சொன்னேன். மூச்ச வாளித் தண்ணில ஊதச் சொன்னேன். பாட்டு வழக்கம்போல தெனம் மூணு தடவ. ஆய்வுக்கு வந்த ஒரு மேடம் பாத்துட்டு, என்னம்மா இது யோகாவான்னாங்க. ஆமா மேடம்னேன். சூப்பர்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. பவதாரணிய மட்டும் அவ அம்மா விடல. பெஞ்சுல கூடப் படுக்கக் கூடாதாம். அந்தப் புள்ள ஓரமா உக்காந்து, கால மட்டும் தரையில அடிச்சுக்கிட்டே இருக்கும்.

இப்ப இந்த ஆடிப் பதினெட்டுக்கு வாங்க. போன வாரம்தான். எங்க பக்கம் அன்னிக்கு ஊரே ஆத்தங்கரையிலதான் இருக்கும், ஒங்களுக்குத் தெரியாததா. காப்பரிசி, காதோலை கருகமணி, மஞ்சக் கயிறு. புள்ளைங்க எல்லாம் சின்னச் சின்னச் சப்பரம் கட்டி இழுத்துட்டு வரும். கிருத்திக் அழுதான், எனக்கும் சப்பரம் வேணும்னு. சரி, ஒரு நாளுதானன்னு செஞ்சு குடுத்துக் கூட்டிட்டுப் போனேன். புது பேண்ட்டு. படிக்கட்டுல உக்காந்து இழு, கீழ எறங்காதன்னு சொல்லித்தான் விட்டேன். ரெண்டு தடவ சொன்னேன்.

கரை மேல மாரிக்கண்ணு நிக்கறா. நான்தான் வலியப் போனேன். பொய் சொல்ல மாட்டேன், நல்ல நாளும் அதுவுமா சண்டைக்குத்தான் போனேன். "ஏன் மாரிக்கண்ணு, மனுவுல மொத கையெழுத்து ஒன்னோடதாமே"ன்னேன். அவ, "பயமா இருந்துச்சு டீச்சர். எனக்கு ஒத்தப் புள்ள"ன்னா. "பயந்தா ஆச்சா? பயந்துக்கிட்டே பொத்திப் பொத்தி வச்சா புள்ளைக்கு என்ன வரும்? ஒரு நாளு இல்ல ஒரு நாளு தண்ணிகிட்ட போவும்ல"ன்னு நான் புடிச்சிக்கிட்டேன். கையில காப்பரிசி, வாயில லெக்சரு. ஆத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்கறேன்.

அப்பக் கீழேருந்து புள்ளைங்க சத்தம் வருது.

"குதிக்காத, கை குடுக்காத! குடம் குடு, துணி குடு!"

எனக்குப் பெருமையாயிருச்சும்மா. எப்படிச் சொல்றது ஒங்ககிட்ட. சிரிப்பு வந்துருச்சு எனக்கு. திரும்பிக் கூடப் பாக்கல. மாரிக்கண்ணு கையப் புடிச்சு, "கேட்டியா? லீவு நாள்ல கூட எப்படிச் சொல்லுதுங்க பாத்தியா? மெமோ குடுத்து இத நிறுத்த முடியுமா?"ன்னு கேக்கறேன். மாரிக்கண்ணு என்னப் பாக்கல. என் தோளுக்குப் பின்னாடி பாத்துக்கிட்டு இருந்தா. அப்பறம் என்னத் தள்ளிட்டு ஓடினா.

நான் திரும்பறப்ப எல்லாம் முடிஞ்சுபோச்சு.

சப்பரம் தண்ணில போயிருச்சுன்னு ஒரு படி எறங்கியிருக்கான். அதே படித்துறை. அதே குழி. வருசா வருசம் தண்ணி அடிச்சு மேல கொஞ்சம் மூடியிருக்கு, முழுசா மூடல. பவதாரணி மொதல்ல அவங்க அம்மா கொண்டாந்த குடத்தத் தூக்கி வீசியிருக்கு. கரெக்ட்டா பக்கத்துலதான் விழுந்துருக்கு. ஆனா என் புள்ளைக்கு அத என்ன பண்றதுன்னு தெரியல. மெதக்கற குடத்தக் கையால அடிச்சுத் தள்ளிட்டான்மா. "மல்லாந்து கெட, மல்லாந்து கெட"ன்னு எல்லாம் கத்தியிருக்கு, அவனுக்கு அப்டின்னா என்னன்னே தெரியாது. குடம் போயிருச்சு. அப்பறம் அந்தப் பொண்ணு, குதிக்கலம்மா, நீஞ்சத் தெரிஞ்ச புள்ள, ஆனா குதிக்கல. படியில குப்புறப் படுத்துருச்சு. காலு மேல நாலு புள்ளைங்க ஏறி உக்காந்துருச்சுங்க, நான் சொல்லிக் குடுத்த மாதிரியே. யாரோ காயப் போட்டிருந்த சேலைய எடுத்து வீசி, ரெண்டாவது தடவ அவன் கையில மாட்டிருச்சு. இழுத்துட்டாங்க. என் புள்ளைய, எங்க பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க அஞ்சு பேரு சேந்து இழுத்துப் போட்டுட்டாங்க. நான் அப்பக் கரை மேல நின்னு பெருமை பேசிக்கிட்டு இருந்தேன்.

நான் போறதுக்குள்ள மாரிக்கண்ணு அவன மடியில போட்டுத் தண்ணிய எடுத்துட்டா. முந்தானையால தலைய தொவட்டிக்கிட்டு இருந்தா. இருமறான், வாந்தி எடுக்கறான், உசுரோட இருக்கான். நான் அப்டியே படியில உக்காந்துட்டேன். அவ நிமிந்து என்னப் பாத்தா. இப்பக் கேப்பா, இப்பக் கேப்பான்னு நான் காத்துக்கிட்டு இருந்தேன். கேட்டிருந்தா பதில் சொல்லியிருப்பேன், எனக்கா வாயில்ல? ஒரு வார்த்தை கேக்கலம்மா. "புள்ளைக்குக் குளிருது, கூட்டிட்டுப் போங்க டீச்சர்"னுட்டு, தன் மகளக் கூப்புட்டுக்கிட்டுப் போயிட்டா. அன்னிலேருந்து எனக்குத் தூக்கம் இல்ல.

தம்பி தூங்கிட்டானா? தூங்கட்டும். நான் கொஞ்சம் மெதுவாப் பேசறேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்துல பவதாரணியக் கூப்புட்டேன். ஒனக்கு என்ன வேணும் சொல்லு, டீச்சர் வாங்கித் தர்றேன்னேன். கலர் பென்சிலு, சாக்லேட்டு, ஏதாச்சும் கேக்கும்னு பாத்தேன். அது, "கிருத்திக்க நம்ம ஸ்கூலுக்குக் கூட்டியாங்க டீச்சர். அவனுக்குக் குடத்தக் கட்டிப் புடிக்கக் கூடத் தெரியல"ன்னுச்சு. கேலி இல்லம்மா. அந்தப் புள்ளைக்கு அது நெசமாவே ஆச்சரியம். மூணாம் வகுப்புப் படிக்கறான், குடத்தப் புடிக்கத் தெரியலன்னா என்ன பண்றது?

அதான் போறேன். டி.சி. வாங்க. டி.சி. இல்லாமயும் எங்க பள்ளிக்கூடத்துல சேத்துக்கலாம், இருந்தாலும் நேர்ல போயி நின்னு கேட்டுத்தான் வாங்கணும் எனக்கு. எங்க வீட்டுக்காரரு திருச்சியில வேலை பாக்கறாரு. போன்ல குதிக்கறாரு. ஒரு தடவ தவறி விழுந்ததுக்கா இங்கிலீஷ் மீடியத்த விடுவங்கறாரு. "ஏங்க, இங்கிலீஷ்ல கத்துனாலும் தமிழ்ல கத்துனாலும் தண்ணிக்குள்ள ஒண்ணும் கேக்காது"ன்னு சொல்லி வச்சிட்டேன்.

ஆனா நீங்க ஒண்ணு புரிஞ்சிக்கணும். பயந்துக்கிட்டு நான் இதச் செய்யல. மாரிக்கண்ணுகிட்ட தோத்துட்டேன்னும் நெனச்சுராதீங்க. இது அந்த மெமோவுக்கு நான் வச்ச ஆப்பு. புள்ளைங்கள எறக்கக் கூடாதுன்னு டீச்சருக்குத்தான உத்தரவு? அம்மாவுக்கு இல்லியே. சனிக்கிழமை நாலு மணிக்கு என் புள்ளைக்கு நான் பம்புசெட்டுல நீச்சல் கத்துக் குடுப்பேன். அவன் கூடப் படிக்கற முப்பத்தோரு புள்ளைங்களும் வேடிக்கை பாக்க வந்தா நான் என்ன பண்ணட்டும்? விரட்டவா முடியும்? திங்கக்கிழமை பி.இ.ஓ. விசாரணைக்கு வர்றாரு. வரட்டும். சஸ்பெண்ட் பண்ணினா பண்ணட்டும், வேற ஊருக்கு மாத்தினா மாத்தட்டும். அந்த ஊர்லயும் ஆறு இருக்கும், கொளம் இருக்கும், குடமும் இருக்கும்.

இந்தக் குடமா? நானும் பாக்கறேன், ஏறினதுலேருந்து ஒங்க கண்ணு இதுலதான் இருக்கு.

ஆத்தோட போச்சுல்ல ஒரு குடம், அது மாரிக்கண்ணு வீட்டுக் குடம். அவகிட்டயே ரெண்டே ரெண்டுதான். குடத்துக்காகக் கத்துன மொத ஆளே அவதான். அதனால புதுசா ஒண்ணு வாங்கி பவதாரணிகிட்ட குடுத்து விட்டேன். முந்தாநேத்துக் காலைல அந்தப் புள்ள திருப்பிக் கொண்டாந்துருச்சு. வேணாமாம். "எங்களுக்கு ஒரு குடம் போதும், இது கிருத்திக்குக்கு, பேரு எழுதிக்கச் சொல்லு"ன்னு சொல்லி அனுப்பிச்சிருக்காங்க. கூடவே இன்னொண்ணும் சொல்லுச்சு, "எங்கம்மா என்னையும் சனிக்கிழமை வரச் சொல்லிட்டாங்க டீச்சர்"னு.

நீங்களே சொல்லுங்க, அவங்க என்னக் குத்திக் காட்டறாங்களா, இல்ல நெசமாவே குடுக்கறாங்களா? எனக்கு இன்னும் புரியலம்மா. ரெண்டு நாளா வீட்டுக்குள்ள இத எங்க வச்சாலும் என்னையே பாக்கற மாதிரி இருக்கு. அதான் கையோட தூக்கிட்டு வந்துட்டேன். வர்றப்ப பெயிண்ட் வாங்கணும்.

ஊரான் புள்ளைய ஊட்டி வளத்தா தன் புள்ள தானே வளரும்னு அன்னிக்குச் சொல்லிக் கைதட்டு வாங்கினேன்ல? வளருந்தான், இல்லங்கல. நீச்சல் மட்டும் தானா வராது போலிருக்கு.

இந்தா, ஸ்டாப் வந்துருச்சு. தம்பிய எழுப்புங்க, டைய சரி பண்ணி விடுங்க. கண்டக்டர் சார், இருங்க, ஆள் எறங்கணும்! நீங்க முன்னாடி போங்கம்மா, குடம் இடிக்கும். ஆமா, குடத்தோடதான் போவேன் ஆபீஸ் ரூமுக்கு. சிரிக்கட்டும். எதுக்கும்மா டி.சி., ஸ்கூல்ல என்ன கொறைன்னு அந்த பிரின்சிபால் மேடம் கேப்பாங்கல்ல, இத மேசை மேல வச்சிட்டுச் சொல்லுவேன்.

எறக்குவேன் மேடம். என் புள்ளையத்தான் மொதல்ல எறக்குவேன்.